துட்டி கேட்க வந்தவர்கள் போன பிறகு... பட்டாசு விபத்துக்குப் பின் மனசு எப்படி மீள்கிறது?

*முதல் பதினாறு நாள் ஊரே கூட நிற்கிறது. சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகுதான். கரிசல் பூமியில் விபத்தைப் பார்த்தவர்களுக்கும் உறவை இழந்தவர்களுக்கும் உண்மையில் எது உதவுகிறது? எது உதவுவதில்லை?*

கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரக் கிராமங்களில் பொழுது விடியும்போதே வேன் ஹாரன் சத்தம் கேட்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறிக்கொள்வார்கள். சிலர் தீப்பெட்டி ஆபீசுக்கு, சிலர் சாத்தூர், சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு. மானாவாரிக் கரிசலில் மழை பெய்தால்தான் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும். பெய்யாத வருசத்துக்கும், வெள்ளாமை இல்லாத மாசங்களுக்கும் இந்த வேலைதான் கஞ்சி ஊற்றுகிறது.

அந்த வேன் ஒரு நாள் காலியாகத் திரும்பும்போது என்ன ஆகும் என்பது இந்த வட்டாரத்துக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். இடையிலும் பிறகும் சின்னதும் பெரியதுமாக இன்னும் பல.

ஒவ்வொரு முறையும் இறந்தவர்கள் எத்தனை பேர், நிவாரணம் எவ்வளவு, உரிமையாளர் மீது என்ன வழக்கு என்று செய்தி வரும். நாலு நாளில் செய்தி முடிந்துவிடும். ஆனால் பக்கத்து அறையில் இருந்து உயிர் தப்பியவர், ஓடிப் போய்த் தூக்கியவர், அம்மாவை இழந்த பிள்ளை, அன்றைக்கு லீவு போட்டதால் பிழைத்தவர்? இவர்கள் மனசுக்குள் நடப்பது காயப் பட்டியலில் வராது.

அது எப்படி ஆறுகிறது? மருத்துவம் என்ன சொல்கிறது? ஊர் வழக்கம் என்ன செய்கிறது? பார்க்கலாம்.

முதல் சில வாரம்: இது நோயா?

ஒரு உதாரணத்துக்கு, விபத்தில் தப்பித்த ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தப் புகை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. சோறு இறங்கவில்லை. சில நேரம் அழுகை, சில நேரம் ஒன்றுமே தோன்றாத மரத்துப்போன நிலை. கேட்டால், "எனக்கு என்னமோ ஆயிப்போச்சு, பைத்தியம் பிடிச்சிருமோ" என்பார்.

பைத்தியம் இல்லை. உயிருக்கு ஆபத்து வந்தபோது மூளை ஒரு அலாரத்தை அடித்தது. ஆபத்து போன பிறகும் அது உடனே நிற்பதில்லை. இன்னொரு முறை வந்தால் உஷாராக இருக்க வேண்டும் என்று உடம்பு காவல் காக்கிறது. தூக்கமின்மை, திடுக்கிடல், திரும்பத் திரும்ப வரும் காட்சி எல்லாம் அந்தக் காவலின் அடையாளம். முதல் சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு இது வரும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறையும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இதைத் தெளிவாகச் சொல்கிறது. உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படி மனசை உலுக்கும் சம்பவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) வருவது 5.6 சதவீதம் பேருக்குத்தான்.

அதனால் முதல் வாரத்திலேயே "இனிமே இவ தேற மாட்டா" என்று முத்திரை குத்துவதும் தப்பு. "ஒண்ணும் இல்ல, எந்திரிச்சு வேலையப் பாரு" என்று தள்ளுவதும் தப்பு.

"எல்லாத்தையும் சொல்லி அழுதுரு" என்பது சரியா?

நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

ஒரு காலத்தில் மேலை நாடுகளில் இது மருத்துவ முறையாகவே இருந்தது. விபத்து நடந்த சில நாளிலேயே பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, என்ன நடந்தது, என்ன பார்த்தாய், என்ன தோன்றியது என்று ஒன்றுவிடாமல் சொல்லவைப்பார்கள். உள்ளே அடைபட்டது வெளியே வந்தால் லேசாகிவிடும் என்று நம்பினார்கள்.

பிரிட்டனில் தீக்காயம் அடைந்த 133 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 1997-ல் வெளியானது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். பேசவைக்கப்பட்ட குழுவில் காயம் சற்றுக் கூடுதலாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் அதன் பிறகு பல ஆய்வுகளை ஒன்றாக அலசியபோதும், ஒரே தடவை கட்டாயமாகப் பேசவைப்பது பிடிஎஸ்டியைத் தடுப்பதாகத் தெரியவில்லை.

பேசவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவராகப் பேசினால் கேளுங்கள், தோண்டிக் கேட்காதீர்கள். வாசலில் மைக்கை நீட்டி "அந்த நேரத்துல எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்கும் செய்தியாளருக்கும், "உடம்பு எப்படிக் கெடந்துச்சு?" என்று விசாரிக்கும் தூரத்து உறவுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் முதல் நாட்களில் என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் 'உளவியல் முதலுதவி' என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. டாக்டர் இல்லாத சாதாரண ஆள்கூடச் செய்யக்கூடியது. அதன் சாரம் மூன்றே சொல்: பார், கேள், இணை.

- பார்: இடம் பாதுகாப்பாக இருக்கிறதா? யாருக்கு உடனே உதவி தேவை? யார் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்?
- கேள்: பக்கத்தில் போய் உட்கார். என்ன வேண்டும் என்று கேள். பேசினால் குறுக்கிடாதே. பேசாவிட்டாலும் கூட இரு.
- இணை: குடும்பத்தோடு, ஆஸ்பத்திரியோடு, அரசு உதவியோடு சேர்த்துவிடு. காணாமல் போனவரைப் பற்றித் தகவல் வாங்கிக் கொடு.

இதைப் படிக்கும்போது தெற்கத்தி ஆட்களுக்கு ஒன்று ஞாபகம் வரும்: துட்டி கேட்கப் போவது.

துட்டி வீட்டில் யாரும் கவுன்சலிங் கொடுப்பதில்லை. வந்து உட்காருவார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆண்கள் வாசல் பந்தலில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அடுப்பு பற்றவைக்காத வீட்டுக்கு மதினியோ சித்தியோ சோறு கொண்டுவருவார்கள். "ரெண்டு வாய் சாப்பிடு தாயி, பிள்ளைக மூஞ்சியப் பாரு" என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு, தாலுகா ஆபீசுக்கு அலைய ஒரு மச்சான் இருப்பார். எப்போது அழலாம், எப்போது குளிக்க வேண்டும், எந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்று சடங்கு சொல்லிவிடும். எதையும் யோசிக்க முடியாத மனசுக்கு அதுவே பெரிய ஊன்றுகோல்.

பேரிடரில் இருந்து மனிதர்கள் மீள உதவும் ஐந்து விஷயங்களை, பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2007-ல் பட்டியலிட்டார்கள்: பாதுகாப்பு உணர்வு, பதற்றம் தணிதல், 'நம்மால் சமாளிக்க முடியும்' என்ற எண்ணம், மனிதத் தொடர்பு, நம்பிக்கை. துட்டி வீடு இதில் இரண்டு மூன்றையாவது தானாகவே கொடுத்துவிடுகிறது.

பயந்தவர்களுக்குத் திருநீறு போடுவது, வேப்பிலை அடிப்பது, பள்ளிவாசலில் ஓதி ஊதிவிடுவது? மனசுக்கு ஆறுதல் தந்தால் நல்லதுதான். தொந்தரவு குறையாமலே இருந்தால் அதோடு நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

இந்த இடத்தில்தான் ஓட்டை விழுகிறது.

கருமாதி முடியும். சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். பந்தல் பிரிப்பார்கள். நிவாரணக் காசோலை வந்திருக்கும், அல்லது அதற்கான அலைச்சல் தொடங்கியிருக்கும். வீடு வெறிச்சென்று ஆகும். "இன்னும் அழுதுகிட்டே இருக்கா" என்ற பேச்சு மெல்ல எழும்.

மருத்துவம் இதைப் பார்க்கும் விதம் வேறு. முதல் ஒரு மாதத் தொந்தரவை டாக்டர்கள் பிடிஎஸ்டி என்று சொல்வதில்லை. ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் இருந்தால்தான் அந்தப் பேச்சே வரும். அதாவது, ஊர் வருவதை நிறுத்துகிற சமயமும், தொந்தரவு நிலைத்துவிட்டதா என்று கவனிக்க வேண்டிய சமயமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன.

சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் இதற்கு ஒரு பாடம் கிடைத்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் 'சிநேகா' அமைப்பின் நிறுவனர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும் ஒரு முயற்சி செய்தார்கள். உறவுகளைப் பறிகொடுத்தவர்களைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொடர்ந்து சந்தித்தார்கள். இவர்கள் டாக்டர்கள் இல்லை. இப்படிச் சந்திக்கப்பட்டவர்களிடம், சந்திக்கப்படாதவர்களைவிட மனச்சோர்வு குறைந்திருந்தது என்று 2008-ல் வெளியான அவர்களது ஆய்வு சொல்கிறது.

பெரிய மருந்து எதுவும் இல்லை. நிறுத்தாமல் போய்ப் பார்த்ததுதான்.

சத்தம் கேட்டாலே நடுங்குகிறதே, ஏன்?

கரிசல் ஊர்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம் உண்டு. வேறு விபத்தில் தப்பியவர் அந்த இடத்தைத் தவிர்த்துவிடலாம். இங்கே வெடிச் சத்தம் வருசம் முழுக்கத் துரத்தும். தீபாவளி, கல்யாண வீடு, கட்சி ஊர்வலம், கோயில் கொடை. சாவு ஊர்வலத்தில்கூட வேட்டுதான்.

சத்தம், கருமருந்து வாசனை, அதே நிறப் புகை. இவற்றை மூளை ஆபத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. இதில் ஒன்று வந்தாலும் மொத்தச் சம்பவமும் இப்போது நடப்பது போலத் தோன்றும். அதனால் ஆள் விலகத் தொடங்குவார். முதலில் தீபாவளியன்று கதவைச் சாத்துவார். பிறகு கல்யாணத்துக்குப் போக மாட்டார். பிறகு பஸ் ஏற மாட்டார். விலகும்போது அந்த நிமிஷத்துக்கு நிம்மதி. ஆனால் 'வெடிச் சத்தம் கேட்டும் ஒன்றும் ஆகவில்லை' என்று மூளை கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. பயம் வளர்ந்துகொண்டே போகும்.

நல்ல சிகிச்சை இந்த முடிச்சைத்தான் மெதுவாக அவிழ்க்கிறது. பாதுகாப்பான அறையில், பயிற்சி பெற்றவர் துணையோடு, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவைக்கிறார்கள். தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகவைக்கிறார்கள். விபத்து நடந்த இரண்டாம் நாளே உட்காரவைத்துத் தோண்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இது பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு, அவர் வேகத்தில், பல வாரங்களாக நடப்பது.

இதற்குப் பெரிய நகரத்து நிபுணர்தான் வேண்டும் என்று இல்லை. போரும் சுனாமியும் சேர்ந்து தாக்கிய வடகிழக்கு இலங்கையில், 31 தமிழ்க் குழந்தைகளுக்கு உள்ளூர் ஆசிரிய ஆலோசகர்களே ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு குழுவுக்குத் தன் கதையை ஆரம்பத்தில் இருந்து வரிசையாகச் சொல்லும் முறை. இன்னொரு குழுவுக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் மீண்டிருந்தார்கள். இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது 2009-ல் வந்த அந்த ஆய்வின் முடிவு.

"எனக்குப் பதிலா அவ போயிட்டா"

தப்பித்தவர்களிடம் அதிகம் பேசப்படாத ஒன்று, குற்றவுணர்ச்சி. "அன்னிக்கு நான் லீவு. என் இடத்துல அவ உக்காந்தா." "நான்தான் அவள வேலைக்குச் சேத்துவிட்டேன்." "வெளிய ஓடி வந்துட்டேன், திரும்பிப் பாக்கல."

ஊரோடு ஊராக, ஒரே தெருவில் இருந்து ஒரே வேனில் போகிறவர்களிடம் இது இன்னும் கனமாக இருக்கும். வேலைக்குக் கூப்பிட்டுப் போனவர் பெரும்பாலும் அக்காவாகவோ மதினியாகவோதான் இருப்பார். இறந்தவரின் வீட்டைத் தினமும் தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும்.

"அப்படி நினைக்காத" என்று சொல்வதால் இது போகாது. விபத்துக்குக் காரணம் யார், எது என்று நிதானமாகப் பேசுவது உதவும். அறைக்குள் அனுமதித்ததைவிட அதிகமான ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, வெயில் நேரத்தில் உராய்வு, உள்குத்தகைக்கு விடப்பட்ட ஷெட். காரணங்கள் அங்கே இருக்கும். ஒரு நாள் லீவு போட்டவரிடம் இருக்காது.

திரும்ப அதே வேலைக்குப் போகலாமா?

"பயத்த விட்டு வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிரும்" என்று சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை.

வேலை, கூலி, கூட்டாளிகளோடு பேச்சு, நாளுக்கு ஒரு ஒழுங்கு. இவை மீள்வதற்கு நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் மீட்சியின் முதல் படி பாதுகாப்பு. கல்யாண வீட்டு வெடிக்குப் பயப்படுவது, ஆபத்து முடிந்த பிறகும் அடிக்கும் அலாரம். விதி மீறி இயங்கும் ஆலையில் மருந்து அறைக்குள் போகப் பயப்படுவது அப்படி இல்லை. அந்தப் பயம் சரியானது. அதைக் கவுன்சலிங்கில் போக்கக் கூடாது. ஆய்வாளர் வந்து ஆலையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

வேறு வழியில்லாமல் திரும்புகிறவர்களே அதிகம். அவர்களைக் கொஞ்ச நாளாவது மருந்துப் பக்கம் அனுப்பாமல் பேக்கிங், லேபிள் வேலையில் போடலாம். தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். போர்மேன் மனசு வைத்தால் நடக்கிற காரியம்.

குழந்தைகளிடம் எதைக் கவனிப்பது?

சின்னப் பிள்ளைகள் அழுது காட்டாது. நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வரும். அம்மா முந்தானையை விடாது. விபத்தையே விளையாட்டாக விளையாடும். வளர்ந்த பிள்ளைகள் கோபப்படும், படிப்பில் பின்தங்கும். "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று பொய் சொல்லாமல், இறந்துவிட்டார் என்பதைப் புரியும் சொல்லில் சொல்வது நல்லது. கூடிய சீக்கிரம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் நல்லது. பள்ளி மணியும் பழகிய டீச்சர் முகமும் பாதி வைத்தியம். செல்போனில் சுற்றும் விபத்து வீடியோக்களை அவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஒரு மாதம் தாண்டியும் கீழே உள்ளவை குறையாவிட்டால் தாமதிக்க வேண்டாம்:

- சம்பவம் திரும்ப நடப்பது போன்ற நினைவு, கெட்ட கனவு
- இடம், ஆள், பேச்சு என எல்லாவற்றையும் தவிர்ப்பது
- எப்போதும் பதற்றம், எரிச்சல், தூக்கமின்மை
- வேலை, சமையல், பிள்ளைகளைப் பார்ப்பது முடியாமல் போவது
- குடி கூடிக்கொண்டே போவது

"செத்துப் போயிரலாம்னு தோணுது" என்ற பேச்சு வந்தால் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

தூக்கத்துக்கு என்று மெடிக்கலில் தாமாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். முதல் மாதத்தில் அதிர்ச்சித் தொந்தரவுக்காக பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளைப் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லியிருக்கிறது. டாஸ்மாக் தரும் தூக்கமும் அப்படித்தான். அடுத்த நாள் பாரம் கூடும்.

எங்கே கேட்பது?

மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நேரில் பார்க்க தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கழுகுமலையில் இருந்து ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் மாறிப் போக வேண்டும் என்பது உண்மைதான். அதனால் முதலில் போன் போட்டுப் பேசிவிட்டுக் கிளம்புவது அலைச்சலைக் குறைக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடியது

ஒருவர் மீண்டுவிட்டார் என்றால் மறந்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. ஈழத்து மனநல மருத்துவர்கள் இதை 'மனவடு' என்று சொல்வார்கள். காயம் ஆறும், வடு இருக்கும். முதல் வருசம் துட்டி வீட்டில் தீபாவளி கிடையாது. சொந்தக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த வழக்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதும்.

பதினாறாம் நாளுக்குப் போனவர்கள், முப்பதாம் நாளும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். ஆறாம் மாதம் போய்ப் பாருங்கள். விபத்து நடந்த தேதி வரும்போது மறக்காமல் போங்கள். பெரிதாக எதுவும் பேச வேண்டியதில்லை. "தூக்கம் வருதா? சாப்பிட்டியா?" இந்த இரண்டு கேள்வி போதும். இரண்டுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால், கூடவே உட்கார்ந்து 14416-க்கு போன் போட்டுக் கொடுங்கள்.